சொல் எடுத்துக் கொடுத்தவர்

ட்வெய்ட்டா
20.09.2006

துஷாராவின் அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று சனிக்கிழமை வந்த பூக்கூடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆள் வரவில்லை, பூக்கூடை வந்தது.

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாள் பூசைக்கு மாதா கோயிலில் முன்வரிசையில் இரண்டு கதிரை போட்டிருந்தார்கள். ஒன்றில் நான் இருந்தேன். மற்றதில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கைப்பையை வைத்தேன். வெறுமையாகக் கிடந்தால் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். பிறகு மண்டபத்தில் கேக் வெட்டும்போது துஷாரா தன் கையையும் சேர்த்துக் கத்தியைப் பிடித்தாள். துரொண்ட்ஹைமில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்பதைப் பார்க்க ரயிலேறி வந்தவள். மேரியம்மா அக்கா எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "பிலேந்திரன் தம்பிக்கு ராசாத்தி வீட்டிலயெல்லோ வேலை, அவ விட்டால்தானே வாறதுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அழுதிருப்பேன்.

ராசாத்தியாம். நாடு போய், முடி போய், ஒரு நோர்வேக் கப்பல் முதலாளியைக் கட்டி, அவரும் போய், இதே நகரத்தில், பிக்டோயில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு வயதுபோன மனுஷி. அவவுக்கு நீங்கள் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் தனிச்செயலாளர். அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது உங்கள் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பூக்கூடையோடு அவவுடைய கையொப்பத்தில் ஒரு வாழ்த்து அட்டை. நல்ல நோர்வேஜிய மொழி. "ஒருவர் அருகில் ஒருவராய்க் கழிந்த ஆண்டுகள்" என்று ஒரு வரி. அதை யார் எழுதினார் என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக அந்த வீட்டிலிருந்து வெளியே போகும் வாழ்த்து, இரங்கல், நன்றி எல்லாம் நீங்கள் எழுதியவை. என் கலியாண நாளுக்கு என்னை வாழ்த்த உங்களுக்கு வந்திருக்கிறது, ஆனால் இன்னொரு பொம்பிளையின் பெயரில்தான் வந்திருக்கிறது. அட்டையை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

இனிப் போன் எடுக்க வேண்டாம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே மேல்மாடியில் மணி அடிக்கும். "ஒரு நிமிஷம் ராணி" என்பீர்கள். அந்த ஒரு நிமிஷம் அடுத்த கிழமை வரை போகும். கடிதத்தில் மணி அடிக்காது. எழுதுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் இருந்துவிட்டுப் போகிற வருகையை நான் கேட்கவில்லை.

புஷ்பராணி


பிக்டோய்
03.10.2006

அன்புள்ள ராணி,

பதில் எழுதுவது என் தொழில். ஆனாலும் உமக்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துவிட்டது. மூன்று முறை தட்டச்சு செய்து கிழித்துப்போட்டு, கடைசியில் பேனையை எடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் வர ஆயத்தமாகத்தான் நின்றேன். நீர் வாங்கித் தந்த நீலக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். சப்பாத்தும் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய பழைய தூதுவர் ஒருவர், இளவரசியின் தகப்பனாருடைய காலத்து மனிதர், சனிக்கிழமையே வருவதாக அறிவித்துவிட்டார். இளவரசி வாசலுக்கு வந்து என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் போனால், வருகிறவர் யார் என்று எனக்கு யார் சொல்வது?" என்று கேட்டார். கட்டளை இட்டிருந்தால் நான் போயிருப்பேன் ராணி. பயந்த குரலில் கேட்டார். நான் நின்றுவிட்டேன். அது உமக்குச் செய்த பிழை. அதை மறைக்க நான் எழுதவில்லை.

என் வேலை உமக்கு விளங்குவதில்லை என்று எப்போதும் ஒரு மனக்குறை எனக்கு. யாழ்ப்பாண மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் அரசாங்க அதிபருக்குச் சுருக்கெழுத்தாளராக இருந்தபோதே இதைப் பழகினேன். "பிலேந்திரன், அந்தக் குளத்து விசயம்..." என்று தொடங்கிவிட்டு அவர் ஜன்னலைப் பார்ப்பார். மிச்சக் கடிதம் என்னுடையது. கையொப்பம் வைக்கும்போது, தானே சொன்னதாகத்தான் அவர் நினைப்பார். இங்கும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் இளவரசியின் கதிரைக்குப் பின்னால் நின்று பெயரையும் உறவையும் மெல்லச் சொல்வேன். "அந்த... அந்த..." என்று அவர் தேடும்போது சொல்லை எடுத்துக் கொடுப்பேன். இப்போதெல்லாம் அவர் தேடத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுகிறேன். அவருக்குக் கை நடுங்குவதால் கையொப்பத்தையும் நானே வைக்கிறேன். ஒரே இரங்கல் கடிதத்தை ஒரே கிழமையில் மூன்று முறை எழுதச் சொன்னார். மூன்று முறையும் புதிதாகக் கேட்பதுபோல் எழுதினேன், ஒன்றைத்தான் அனுப்பினேன். போன மாதம் முத்துமாலையைக் காணவில்லை என்று வீடே தலைகீழாகியது. கோப்பித் தகரத்துக்குள் கிடந்தது. இருவரும் சிரித்தோம். நான் இருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் வராது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்க எனக்குப் பெருமைதான், ஒளிப்பானேன்.

டிசம்பரில் நத்தாருக்குக் கட்டாயம் வருவேன். வசந்தம் பிறந்ததும் வேலையை விடுவதாக அறிவித்தல் கொடுக்கிறேன். கொஞ்சம் பொறும்.

அன்புடன்
பிலேந்திரன்


ட்வெய்ட்டா
09.11.2006

துஷாராவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில் கோப்பி குடித்துக்கொண்டு வாசித்தேன். வாசித்து முடியும்போது கோப்பி ஆறிப்போயிருந்தது.

நான் முதியோர் இல்லத்தில் எந்தப் பிரிவில் வேலை செய்கிறேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். மறதி நோய்க்காரரின் பிரிவு. கதவில் பூட்டு இருக்கும் பிரிவு. பத்து வருடத்துக்கு மேலாக அங்கேதான்.

கோப்பித் தகரத்துக்குள் முத்துமாலை. ஒரே கடிதம் மூன்று முறை. வருகிறவர் யாரென்று தெரியாத பயம். வாயில் வராத பெயர்கள். உங்கள் மகாராணிக்கு மூளை கழன்று போய்க்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் நீங்கள் பின்னால் நின்று சாமரம் வீசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பிரிவுக்கு வருகிற ஆட்களின் வீட்டில் யாராவது ஒருவர், "அப்பா தேத்தண்ணிக்குத் தண்ணியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்" என்று கண்டுபிடிப்பார்கள். உங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. அவ மறக்கிறதுக்கு முன்னமே நீங்கள் ஞாபகம் வைத்துவிடுகிறீர்கள்.

எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் என்ன தெரியுமா? ஒருவர் சொல்லைத் தேடும்போது எடுத்துக் கொடுக்காதே. பொறு. முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறு. எடுத்துக் கொடுத்தால் உனக்கு வேலை சுருக்காக முடியும், அவருக்கு அந்தச் சொல் இல்லாமல் போகும். பதினெட்டு வருடமாக நீங்கள் செய்தது இதற்கு நேர்மாறு.

வைத்தியருக்குச் சொல்லுங்கள். ஜெனீவாவில் இருக்கிறார் என்று சொல்வீர்களே, அவவுடைய அந்த மருமகனுக்கு எழுதுங்கள். ஆனால் எழுத மாட்டீர்கள். அவவுக்குப் புத்தி பிசகினது வெளியே தெரிந்தால் உங்களுக்கு உத்தியோகம் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் வெறும் பிலேந்திரன். வெறும் பிலேந்திரனாக என்னோடு ட்வெய்ட்டாவில் நாலாம் மாடியில் இருக்க உங்களுக்குப் பயம். அதுதான் உள்ளே இருக்கிற நோய்.

புஷ்பராணி


பிக்டோய்
20.11.2006

திருமதி புஷ்பராணி பிலேந்திரன் அவர்களுக்கு,

தங்களின் 9ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது.

மேன்மை தங்கிய இளவரசி ஒத்தீலியா அவர்களின் நலனில் தாங்கள் காட்டியுள்ள அக்கறைக்கு நன்றி. எனினும், மேன்மை தங்கியவரின் உடல்நலம் குறித்து வெளியாருடன் கருத்துப் பரிமாறுவது இவ்வலுவலகத்தின் வழக்கமன்று என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்.

தங்கள் உண்மையுள்ள
அ. பிலேந்திரன்
தனிச்செயலாளர்


ட்வெய்ட்டா
01.12.2006

தனிச்செயலாளர் அவர்களுக்கு,

வெளியாள் எழுதுகிறேன்.

கீழே தபால்பெட்டியடியில் நின்றபடியே வாசித்தேன். மேல்வீட்டு உதயகுமாரி, "என்ன அக்கா, ஊரில ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டாள். முகம் அப்படி இருந்திருக்கிறது. கந்தோரிலிருந்து வந்த கடிதம் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

நத்தாருக்கு வர வேண்டாம். துஷாராவும் நானும் போதும். வந்து வாசலில் நின்றாலும் கதவு திறக்க மாட்டேன். வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.

பு. பிலேந்திரன்


பிக்டோய்
04.02.2007

ராணி,

இதைப் பிரித்து வாசிப்பீரோ, கிழித்துப்போடுவீரோ தெரியாது. வாசித்தால் கடைசிவரை வாசியும்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை, நான் ட்வெய்ட்டாவுக்கு வந்தேன். நத்தாருக்கு உமக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பளிச் சால்வை கையில் இருந்தது. அந்த நவம்பர் கடிதத்துக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கீழ்வாசலில் மணிக்குப் பக்கத்தில் எங்கள் பெயர் இருந்தது. விரலைக் கொண்டுபோனேன். அழுத்தினால் நீர் "யாரது" என்று கேட்பீர், நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு வசனம் யோசித்தேன். அது இளவரசி சொல்வதுபோல் இருந்தது. இன்னொன்று யோசித்தேன். அதுவும் அப்படித்தான். எனக்கென்று ஒரு வசனம் வரவில்லை. குளிரில் வெகுநேரம் நின்றுவிட்டு, மணியை அழுத்தாமலே திரும்பிவிட்டேன்.

பிக்டோய்க்கு வந்தபோது வீட்டின் முன்கதவு திறந்து கிடந்தது.

சமையல்காரப் பெண்ணுக்கு அன்று விடுமுறை. இளவரசி மதியம் தூங்குவார், நான் திரும்பும்வரை எழும்பமாட்டார் என்றுதான் போனேன். அவர் எழும்பி, விருந்துக்கு உடுத்தும் கவுனைப் போட்டு, பட்டுச் சப்பாத்தோடு படகுத்துறைக்குப் போயிருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே படகு ஓடுவதில்லை. கணவரின் கப்பல் வருகிறது என்று நின்றாராம். நாயோடு நடக்க வந்த ஒருவர் கண்டு அம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறார். அம்புலன்சில் வந்தவர்கள் அவர் பெயரைக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல், பின்னால் திரும்பிப் பார்த்தாராம். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் திரும்பிப் பார்த்தாராம். யாரைத் தேடுகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் நிற்கும் இடத்தைப் பார்த்திருக்கிறார். நான் அங்கே இல்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பெண் ஒருத்தி, எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டாள். என் வாய் பழக்கத்தில், "மேன்மை தங்கியவருக்குக் கொஞ்சம் களைப்பு, வேறொன்றுமில்லை" என்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இளவரசியிடமே கேட்கத் தொடங்கினாள். இது எந்த வருடம், இது எந்த நகரம். நான் இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன், என்னை அறியாமலே. வெளியே போய் நிற்கச் சொன்னாள். கதவு முழுதாக மூடவில்லை. கேள்விகள் கேட்டன. பதில் ஒன்றும் கேட்கவில்லை. ராணி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் என் நாக்கில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த மௌனத்தை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அது எத்தனையோ காலமாக அங்கே இருந்திருக்கிறது. நான் அதன்மேல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இடது காலில், குளிரில் விறைத்துச் செத்துப்போயிருந்த இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

நீர் சொன்னது சரி. நவம்பரிலேயே வைத்தியரிடம் சொல்லியிருந்தால் வீட்டில் ஆள் போட்டிருப்பார்கள், கதவைப் பார்த்திருப்பார்கள். நான் உமக்கு அலுவலகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிலேந்திரன்


ட்வெய்ட்டா
20.02.2007

துஷாராவின் அப்பாவுக்கு,

கடைசிவரை வாசித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். குசினி ஜன்னலால் உங்களைக் கண்டேன். அந்த நீளக் கோட்டு, அந்த நிமிர்ந்த முதுகு, கையில் ஒரு பொதி. மணியை அழுத்தட்டும் பார்ப்போம் என்று நின்றேன். இறங்கி வந்து கதவைத் திறந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்து, போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தாலும் நீங்கள் நேரத்தோடு திரும்பியிருப்பீர்கள், அந்த மனுஷி துறையில் நின்றிருக்க மாட்டா. நீங்கள் கீழே குளிரில் நின்றீர்கள், நான் மேலே சூட்டில் நின்றேன். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்தான். அதை நினைத்து நான் இப்போது நித்திரை கொள்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் கதிரை போட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வேன். அவர்கள் அழுதால் அழ விடுவேன். முன்பின் தெரியாத நோர்வேக்காரருக்கு அப்படிச் சொல்லத் தெரிந்த எனக்கு, உங்களுக்குச் சொல்லும்போது கல்லெடுத்து எறியத்தான் தெரிந்தது. அவவில் எனக்கு இருந்த எரிச்சல் அது. என் புருஷனுடைய நல்ல சொல்லெல்லாம் அவவுக்குப் போகிறது என்ற எரிச்சல். நோய்க்காரியைப் பற்றிச் சொல்கிற சாட்டில் உங்களைக் குத்தினேன். குத்தினால் யாருக்கும் காது கேட்காது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், இது கோபத்தில் இல்லை. டொக்டரிடம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். கோப்பித் தகரம், மூன்று கடிதம், கையொப்பம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருமகனுக்கு உங்கள் பெயரில் எழுதுங்கள், அவவுடைய பெயரில் எழுதாதீர்கள். அவவைப் பார்க்கப் போனால் பக்கத்தில் இருங்கள், பின்னால் நிற்க வேண்டாம். கேளுங்கள். பிறகு பொறுங்கள். உங்களுக்கு அது பொல்லாத கஷ்டமாக இருக்கும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது.

துஷாரா உங்களைக் கேட்டாள். சுகமில்லாத ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.

புஷ்பராணி


லில்லெஸ்ட்ரோம்
27.05.2007

அன்புள்ள ராணி,

இடம் மாறியதைக் கண்டு யோசிப்பீர். என் பழைய கூட்டாளி சூசைரட்ணம் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன். பிக்டோய் வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

நீர் சொன்னபடி மருமகனுக்கு எழுதினேன். என் பெயரில், எதையும் மறைக்காமல். அவர் ஜெனீவாவிலிருந்து வந்தார், நல்ல மனிதர், கையைப் பிடித்து நன்றி சொன்னார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. "தங்களின் நீண்டகால, பற்றுள்ள சேவைக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. எனினும் மாறியுள்ள சூழ்நிலையில்..." அந்த வரியை வாசித்ததும் மிச்சம் எனக்குப் பாடமாக வந்தது. பழைய தோட்டக்காரரை நிறுத்தியபோது நான் எழுதிக்கொடுத்த கடிதம் அது. இளவரசியின் கோப்புக்குள் இருந்து எடுத்திருக்கிறார்கள். நல்ல கடிதம்தான். அதை வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதும்போது நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

இளவரசியை நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு பார்க்கப் போனேன். ஜன்னலோரம் சக்கரநாற்காலியில் இருந்தார். முத்துமாலை கழுத்தில் இருந்தது, தலைமுடியை யாரோ அன்பாகச் சீவி விட்டிருந்தார்கள். அப்போது உம்மை நினைத்தேன். வேறு யாரோ வீட்டுத் தாய்மாருக்கு நீர் தினமும் இதைத்தான் செய்கிறீர். உமது வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீரே, அது அங்கே நின்றபோது நெஞ்சில் தைத்தது.

பின்னால் நிற்கவில்லை. எதிரே கதிரை இழுத்துப்போட்டு இருந்தேன். "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. என் பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது, நான் கொடுக்கவில்லை. வெளியே பேர்ச் மரங்கள் புது இலை விட்டிருந்தன. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"நான் உங்கள் தனிச்செயலாளர்" என்றேன்.

அவர் சிரித்தார். பிழையான வீட்டுக் கதவைத் தட்டிய ஒருவரிடம் சிரிப்பதுபோல், அவ்வளவு பண்பாக. "நீங்கள் வேறு யாரையோ தேடி வந்திருக்கிறீர்கள். எனக்குச் செயலாளர் ஒருவரும் இருந்ததில்லை. என் கடிதங்களை எப்போதும் நானே எழுதுகிறேன்" என்றார்.

தடுமாறாமல், ஒரு சொல்லும் தேடாமல் சொன்னார், ராணி. அங்கே வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழு வசனம் வந்தது அன்றுதான் என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னாள்.

ஒரு செயலாளர் இருந்ததே தெரியக் கூடாது என்று நான் உமக்குப் பெருமையாக எழுதியிருக்கிறேனோ, சொல்லியிருக்கிறேனோ. அப்படித்தான் நடந்திருக்கிறது. எழும்பி, வணங்கிவிட்டு வெளியே வந்தேன். பஸ் தரிப்பில் இருந்து அழுதேன். அழுதது அவருக்காக மட்டும் இல்லை. சின்னப் பிள்ளையாகத் துஷாரா கோயிலில் முதல் நன்மை எடுத்தபோது நான் வந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. வராமல் இருந்ததால்தான் ஞாபகம் இல்லை என்று பிறகு விளங்கியது. இளவரசியின் மருமகனுடைய பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் இப்போதும் எனக்குப் பாடம்.

சூசைரட்ணம் நல்லவன், எத்தனை நாளும் இரு என்கிறான். காலையில் அவன் வேலைக்குப் போனதும் மேசையில் தாளை வைத்துக்கொண்டு இருக்கிறேன். யாருக்கு எழுதுவது, யாருக்காக எழுதுவது என்று கை கேட்கிறது. மற்றவர்களுக்காக வருத்தம் தெரிவிக்க எனக்கு நாலு மொழியில் தெரியும். என்னுடைய வருத்தத்தைச் சொல்ல இந்த ஒரு கடிதத்துக்குள் மூன்று நாளாகத் தேடுகிறேன்.

ராணி, நான்


ட்வெய்ட்டா
03.06.2007

இஞ்சருங்கோ,

கடிதம் வந்தது. "ராணி, நான்" என்று நிற்கிறது. அதற்குப் பிறகு வெறும் தாள். கையொப்பமும் இல்லை. உங்கள் கையால் இப்படி ஒரு கடிதம் நான் கண்டதில்லை. வேறு யாராவது என்றால் தபாலில் போட மறந்த அரைக் கடிதம் என்று நினைப்பார்கள். நீங்கள் உறையில் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஆறு மாதத்துக்கு முந்திய நான் என்றால் நாலு விதமாக முடித்து வைத்திருப்பேன். நாலும் உங்களைக் குத்துவதாக இருக்கும். இப்போதைய நான் என்றால், சரி, வாருங்கள், நடந்தது போகட்டும் என்று எழுதி உங்களுக்கு லேசாக்கி விடலாம். எழுதப் பேனையும் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன்.

கைப்பை வைத்த அந்தக் கதிரையில் இனி நீங்கள் வந்து இருக்க முடியாது. அந்த நாள் போய்விட்டது. துஷாராவின் முதல் நன்மைக்கு நீங்கள் வரவில்லை, நான் சொல்கிறேன், வெள்ளைச் சட்டையோடு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மனுஷியின் கால்விரலும் வராது. இவற்றையெல்லாம் சரி என்று நான் எழுதமாட்டேன். சரி இல்லை.

ஆனால் அவவுக்கு முன்னால் நீங்கள் பொறுத்திருந்தீர்கள் என்று வாசித்தபோது, குசினியில் நின்று அழுதேன். உங்கள் பெயர் உங்கள் தொண்டைவரை வந்தும் கொடுக்காமல் இருந்தீர்களே. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு எனக்கு வேலை இல்லை. பூசை முடிந்து வந்து வீட்டில்தான் இருப்பேன். கீழ்வாசலில் பெயர் மாற்றவில்லை, பிலேந்திரன் என்றுதான் இருக்கிறது. இந்த முறை மணியை அழுத்துங்கள். நான் "யாரது" என்று கேட்பேன். நீங்கள்தான் என்று தெரிந்தாலும் கேட்பேன்.

உடனே சொல் வராது. வரவேண்டாம். அந்தச் சனிக்கிழமை ஜன்னலில் நின்று பிடிவாதத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த முறை அப்படி இல்லை. வாசல் மணியின் றிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் தேடுங்கள். ஒரு சொல்லும் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்திருப்பேன்.

அது என் தொழில்.

ராணி